ஜேம்ஸ் கேவின்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜேம்ஸ் கேவின் நான்கு முறை போர்க்களத்தில் பாராசூட்டில் குதித்தவர், 37 வயதில் அமெரிக்காவின் 82வது ஏர்போர்ன் டிவிஷனின் (பாராசூட்டில் இறங்கிப் போரிடும் படைப்பிரிவு) தளபதி என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப்பட்டவர் 1966ல் வியட்நாம் போரை எதிர்த்தது ஏன்? வயதாகித் துணிச்சல் போய்விட்டதா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

துணிச்சல் போகவில்லை. இதைப் புரிந்துகொள்ள இரண்டாம் உலகப் போர்க்காலத்து இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போகவேண்டும்.

1943 ஜூலை 9 இரவு. கேவின் அப்போது 505வது பாராசூட் ரெஜிமெண்டின் கர்னல். பலத்த காற்றில் விமானங்கள் வழி தவறின, வீரர்கள் எங்கெங்கோ போய் விழுந்தார்கள். கூட இருந்த சிலரோடு இருட்டில் நடந்தார். 11ஆம் தேதி பியாஸா மேட்டில், கைக்குக் கிடைத்தவர்களைத் திரட்டி ஜெர்மானியர்களைத் தடுத்து நிறுத்தினார். டாங்கியைத் தாக்கத் தோளில் வைத்துச் சுடும் பஸூக்காவைக் கொண்டுபோயிருந்தார்கள்; அதன் குண்டுகளோ ஜெர்மானியர்களின் டைகர் டாங்கியின் முன்பக்கத்தைத் துளைக்கவில்லை. அதை நம்பி நெருங்கிப் போன இளைஞர்கள் செத்தார்கள். அந்தச் சண்டைக்காக அவருக்கு உயரிய விருது கிடைத்தது. ஆனால் பல ஆண்டுகள் கழித்தும் அவர் அந்த உதவாத ஆயுதத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். மேலே இருப்பவர்கள் கணக்குப் போடாமல் விட்டதற்குக் கீழே இருப்பவன் உயிரைக் கொடுக்கிறான் என்பதை நேரில் பார்த்தவர் அவர். தளபதியான பிறகும் சாதாரணச் சிப்பாயின் துப்பாக்கியையே தோளில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் நடந்தார்.

1954ல் பிரெஞ்சுப் படை வியட்நாமின் தியன் பியன் பூவில் சிக்கியபோது, இந்தோசீனாவில் (வியட்நாமும் அண்டை நாடுகளும்) அமெரிக்காவும் போரில் இறங்கலாமா என்ற பேச்சு வாஷிங்டனில் எழுந்தது. தரைப்படைத் தலைவர் ரிட்ஜ்வே, கேவின் இருவரும் எத்தனை டிவிஷன் வேண்டும், துறைமுகமும் சாலையும் உண்டா என்று கணக்குப் பார்த்து, வேண்டாம் என்றார்கள். 1966ல் செனட் குழுவின் முன் அவர் பேசியதும் அதே கணக்கிலிருந்து வந்ததுதான். உடனே ஓடிவந்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. போரை விரிக்காதீர்கள், கடலோரத்தைப் பிடித்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்கு வழி பாருங்கள் என்றார். எதிரே நின்றது அவருடைய சொந்த அரசு. என் பார்வையில் இதற்கும் பியாஸா மேட்டுக்குக் குறையாத துணிச்சல் வேண்டும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. அவரை எனக்கு மிகவும் பிடித்ததே இதனால்தான். 555வது பாராசூட் பட்டாலியன் முழுக்கக் கறுப்பின வீரர்கள். ராணுவத்தில் நிறவாரியான பிரிவினை நடைமுறையில் இருந்த காலம். 1946 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த வெற்றி அணிவகுப்பில் அவர்களைத் தன் டிவிஷனோடு சேர்த்தே நடக்கவைத்தார். 1947 டிசம்பரில் அவர்கள் 505வது ரெஜிமெண்டிலேயே, அதாவது அவருடைய பழைய ரெஜிமெண்டிலேயே சேர்க்கப்பட்டார்கள். ராணுவத்தில் சமத்துவம் கோரும் அதிபர் ட்ரூமனின் உத்தரவு வந்தது 1948 ஜூலையில்தான்.