அரிசிக்கு ‘மி’, சோற்றுக்கு ‘ஃபான்’

கே: எங்கள் மகளுக்கு ஆறு வயது. அவளோடு விளையாடும் பிள்ளைகளில் பாதிப் பேர் சீனர்கள். சீனச் சாப்பாட்டையும், கூடவே நாலு மாண்டரின் சொற்களையும் பழக்கலாம் என்று படம் போட்ட அட்டைகள் வாங்கினேன். இரண்டு நாள் பார்த்தாள், இப்போது அட்டைகள் சோபாவுக்கு அடியில் கிடக்கின்றன. எனக்கும் ஒரு சொல் தெரியாது. எங்கே ஆரம்பிப்பது? (ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்)

ப: அட்டை அங்கேயே கிடக்கட்டும், எடுக்கவே வேண்டாம். ஒரு பக்கம் படம், மறு பக்கம் சீன எழுத்து, அடியில் ஆங்கிலம் இருந்திருக்குமே? தமிழ்ப் பிள்ளையை ஆங்கிலம் வழியாகச் சீனத்துக்குக் கூட்டிப் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. ‘ரைஸ்’ என்று போட்டிருப்பார்கள். எந்த ரைஸ்? நமக்கு வயலில் நிற்பது நெல், மூட்டையில் இருப்பது அரிசி, தட்டில் விழுந்தால் சோறு. சீனர்களுக்கும் அதே மூன்று உண்டு: தாவ், மி, ஃபான். ‘ஹாட்’டும் அப்படித்தான். மிளகாயைக் கடித்தாலும் ஹாட், ரசம் கொதித்தாலும் ஹாட். நாம் காரம், சூடு என்று பிரிக்கிறோம், அவர்கள் லா, ழ என்று பிரிக்கிறார்கள் (வாயை முழுதாகத் திறக்காமல் சொல்லும் ‘ழ’). பாகற்காய்க்கு ‘கு குவா’ என்று பெயர், கசப்புக் காய் என்று அர்த்தம். உங்கள் மகளுக்கு இதை விளக்கவே வேண்டாம், முகத்தைச் சுளித்துக் காட்டினால் போதும்.

‘ழ’ என்றேன் அல்லவா, அது அச்சுப் பிழை இல்லை. உலகத்திலேயே தமிழுக்குத்தான் ழகரம் என்று மேடையில் முழங்குவார்கள், மலையாளி கேட்டால் சிரிப்பார், பெய்ஜிங்காரரும் சிரிப்பார். இறைச்சிக்கு மாண்டரினில் ஏறக்குறைய ‘ழோவ்’. ஆங்கில எழுத்தில் அதை ‘ஆர்’ போட்டு எழுதுவதால் நாம் ‘ரோவ்’ என்று படித்துவிடுகிறோம். இன்னொன்று. பம்பரத்தில் முதல் ப வேறு, இரண்டாவது ப வேறு. ஆவியில் வேகும் பூரண பன்னுக்கு ‘பாவ்’ என்று சொல்லும்போது வருவது முதல் ப. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிப்பவர்கள் இரண்டாவதைப் போட்டு அழுத்துவார்கள். உடனடி நூடுல்ஸுக்கு உள்ள ‘பாவ் மியென்’னில் மட்டும் ப-வோடு காற்றும் சேர்ந்து வெளியே வரவேண்டும், உதட்டுக்கு முன்னால் டிஷ்யூ காகிதத்தைப் பிடித்தால் அது ஆட வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடிக்கும், ஒரு பெட்டி டிஷ்யூ காலியாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்கே ஆரம்பிப்பது? லிஃப்டில். சிங்கப்பூர் டோ பாயோவில் நாங்கள் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி என்னைப் பார்த்தால் கேட்கும் ஒரே கேள்வி, “ச்சி பாவ் ல மா?” சாப்பிட்டாச்சா, வயிறு நிறைஞ்சாச்சா என்பதுதான். நம் ஊர்த் திண்ணையில் கேட்பது போலவே பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை மகளுக்குச் சொல்லிக்கொடுத்து எதிர்வீட்டில் கேட்க விடுங்கள், மற்றது தானாக நடக்கும்.

அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள் உணவங்காடி, ஒரு கடை, ஒரு சாப்பாடு, இரண்டு சொற்கள், அவளே போய்க் கேட்கட்டும். அங்கே ஒரு குழப்பம் வரும். சிங்கப்பூர்க் கடைப் பெயர்கள் பாதி ஹொக்கியன், தியோச்சு, கேண்டனீஸ் என்று மாண்டரின் அல்லாத மற்றச் சீன மொழிகளில் இருக்கும். 1979-இல் ‘மாண்டரின் பேசுவோம்’ இயக்கம் வந்து பேரப்பிள்ளைகள் மாண்டரினுக்கு மாறினார்கள், பலகையில் இருந்த சாப்பாட்டுப் பெயர்கள் மாறவில்லை. அதனால் கடையில் ‘மீ’ என்றால் நூடுல்ஸ், மாண்டரினில் ‘மி’ என்றால் அரிசி. நூடுல்ஸுக்கு மாண்டரினில் ‘மியென்’. இரண்டும் சரிதான் என்று சொல்லிவிடுங்கள். சோறு, சாதம் இரண்டையும் வைத்துக்கொண்டு வளரும் பிள்ளைக்கு இது பெரிய விஷயமே இல்லை.

கே: ஒரே சொல்லை நாலு விதமாக இழுத்தால் நாலு அர்த்தமாமே? பிள்ளை தப்பாகச் சொல்லி வைத்தால்? (ஒரு வாசகர், கோலாலம்பூர்)

ப: பிள்ளைகள் பாட்டு மாதிரி பிடித்துக்கொள்வார்கள், தப்பாகச் சொல்வது நாம்தான். ஒரு கடையில் நான் ‘தாங்’ கேட்டேன், சூப் வரும் என்று காத்திருந்தேன். கடைக்கார ஆன்ட்டி ஒரு கிண்ணத்தில் சர்க்கரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். உயர்த்திப் பிடித்து அசையாமல் சொன்னால் சூப், கேள்வி கேட்பது போல மேலே தூக்கினால் சர்க்கரை. நான் பயந்து பயந்து கேட்டேனா, கேள்வியாகிவிட்டது.

நாலையும் நம் வீட்டுக் குரலிலேயே காட்டலாம். முதலாவது, சுருதி பிடிப்பது போல ஒரே மட்டத்தில். இரண்டாவது, காதில் விழாமல் “ஆங்?” என்று கேட்பது. மூன்றாவது, மனமில்லாமல் “ம்ம்...” என்று இறங்கி இழுப்பது. நாலாவது, “போ!” என்று வெட்டுவது. மேலே சொன்ன பன் ‘பாவ்’ முதல் ரகம், வயிறு நிறைந்த ‘பாவ்’ மூன்றாம் ரகம். பாவ் தின்று பாவ் ஆனேன் என்று என் பையன் ஒரு மாதம் உயிரை எடுத்தான்.

கே: என் மகனுக்குச் சீனச் சாப்பாடு என்றால் கோபி மஞ்சூரியனும் ஃப்ரைட் ரைஸும்தான். அதிலிருந்தே தொடங்கலாமா? (ஒரு வாசகி, சென்னை)

ப: தாராளமாக. மஞ்சூரியா என்பது சீனாவின் வடகிழக்கு மூலை, அங்கே போய் கோபி மஞ்சூரியன் கேட்டால் முழிப்பார்கள். 1970-களில் மும்பையில், கொல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங் கோழியில் செய்ததுதான் முதல் மஞ்சூரியன் என்று சொல்வார்கள். காலிஃபிளவர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் பையனிடம் “இது போலி” என்று சொல்லாதீர்கள். கொல்கத்தா டாங்ராவில் தோல் பதனிட்டுப் பிழைத்த ஹக்கா சீனர்கள் நம் நாக்குக்கு ஏற்றபடி சமைத்து வளர்த்த சமையல் இது, அதற்கும் ஒரு வம்சம் உண்டு.

அந்த மஞ்சூரியாக்காரர்கள் உண்மையில் ஆசையாகச் சாப்பிடும், பூரணம் வைத்து மடித்து வேகவைக்கும் ஜியாவ்ட்ஸை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் செய்யுங்கள். மைதா 300 கிராம், பச்சைத் தண்ணீர் 150 மில்லிக்குக் கொஞ்சம் மேலே, கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் மூடி வையுங்கள். முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி உப்புப் போட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பிழியுங்கள். இதில் சோம்பல்பட்டால் மாவு நனைந்து எல்லாம் பிய்ந்துவிடும். கேரட், டோஃபு, வெங்காயத்தாள், சோயா சாஸ், அவ்வளவுதான் பூரணம். வட்டமாகத் தேய்க்கும்போது நடு தடிமனாக, ஓரம் மெல்லிதாக. மடிப்பது சோமாசிக் கணக்கு, உங்கள் அம்மா கூட இருந்தால் பிள்ளைக்கு அவர் சொல்லிக்கொடுக்கட்டும். கொதிக்கும் தண்ணீரில் போட்டு, பொங்கும்போது அரைக் கிண்ணம் பச்சைத் தண்ணீர், இப்படி மூன்று முறை. ஒவ்வொரு தடவையும் பையன் எண்ணட்டும்: யீ, அழ், ஸான். வடசீனாவில் புத்தாண்டுக்கு முந்தின இரவு வீடே கூடி உட்கார்ந்து இதை மடிக்கும், பழைய வெள்ளிக் கட்டி மாதிரி உருவம் இருப்பதால் செல்வம் வரும் என்று நம்பிக்கை, ஏதாவது ஒன்றில் காசை ஒளித்தும் வைப்பார்கள். நீங்கள் காசுக்குப் பதில் ஒரு முந்திரி வையுங்கள், பல் பத்திரம்.

கே: ஷாங்காய்க்கு மாற்றலாகிப் போகிறோம். சுத்த சைவம். நாலு வயதுப் பையன் என்ன சாப்பிடுவான்? (ஒரு வாசகர், கோவை)

ப: விமானத்தில் ஏறுவதற்கு முன் பையன் உட்பட எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டியது “வோ ச்சி ஸு”, நான் சைவம். வெறுமனே இறைச்சி வேண்டாம் என்றால் துண்டை எடுத்துவிட்டுக் குழம்பை அப்படியே ஊற்றுவார்கள். கீரை வதக்கலில் சிப்பி சாஸ் இருக்கும், மாப்போ டோஃபுவில் கொத்துக்கறி இருக்கும். கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். பௌத்த சைவக் கடைகளில் அந்தக் கவலை இல்லை, பெரும்பாலும் வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. ஷாங்காயின் ஜேட் புத்தர் கோயிலிலேயே சைவச் சாப்பாடு கிடைக்கும்.

பையனுக்கு முதலில் ‘து தோவ் ஸ’ வாங்கிக்கொடுங்கள், தீக்குச்சி மாதிரி சீவின உருளைக்கிழங்கை வினிகர் விட்டு வதக்குவது. உருளைக்கிழங்குக்கு ‘து தோவ்’, மண் பயறு என்று பெயர். மிளகாய் போடாமல் தரச் சொல்ல “பூ யாவ் லா”. வெந்நீரில் மிதக்கும் ‘தாங் யுவான்’ பார்த்தால் உங்களுக்கே வீட்டு நினைவு வரும், எள்ளுப் பூரணக் கொழுக்கட்டையேதான். ஆனால் அந்தப் பூரணத்தில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். வீட்டில் நீங்களே செய்துகொள்வது நல்லது.

கே: குச்சி பிடிக்க வரவில்லை என்று அழுகிறாள். (ஒரு வாசகி, பினாங்கு)

ப: ஸ்பூன் கொடுங்கள். சீனப் பிள்ளைகளும் அந்த வயதில் ஸ்பூனில்தான் சாப்பிடுகிறார்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: விளையாட்டுக்குக்கூடக் குச்சியைச் சோற்றில் செங்குத்தாக நட விடாதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றுவது போல இருக்கும் அது. வாசலில் செருப்பு கவிழ்ந்து கிடந்தால் நம் வீட்டுப் பாட்டி பதறுவாரே, அந்த வீட்டுப் பாட்டியும் அப்படித்தான் பதறுவார்.