இசட் தெரிந்தால் மட்டும் கோணங்கள் சமமாகிவிடாது

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. இணைகோடுகள் பாடத்தில் எட்டுக் கோணங்களின் பெயரும் மனப்பாடம். கணக்கு மட்டும் தப்புகிறது. டியூஷனில் இசட், எஃப், யு என்று எழுத்து வடிவத்தைத் தேடச் சொல்கிறார்கள். அதையே பழக்கலாமா?

பதில்: எழுத்துகளைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். இரண்டு இணைகோடுகளைக் குறுக்குவெட்டி என்ற மூன்றாவது கோடு வெட்டும்போது எட்டுக் கோணங்கள் வந்தாலும் அளவு இரண்டுதான். ஒன்று 70° என்றால் நான்கு கோணங்கள் 70°, மீதி நான்கும் 110°. குறுகியவை எல்லாம் சமம், விரிந்தவை எல்லாம் சமம், குறுகியதும் விரிந்ததும் சேர்ந்தால் 180°. விடைக்கு இது போதும். ஒத்த கோணம் (இரு வெட்டுமிடங்களிலும் ஒரே நிலையில் இருப்பவை, எஃப் வடிவம்), ஒன்றுவிட்ட உட்கோணம் (இரு கோடுகளுக்கு இடையே, குறுக்குவெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பவை, இசட் வடிவம்) என்ற பெயர்களெல்லாம் பக்கத்தில் காரணம் எழுதத்தான். அங்கே போய் 'இசட் கோணம்' என்று எழுதினால் மதிப்பெண் போகும். பழக்கிவிட்டவருக்கா போகிறது?

இசட் முறையின் பெரிய கோளாறு வேறு. கோடுகள் இணையாக இல்லாவிட்டாலும் படத்தில் இசட் தெரியும். கோணங்கள் சமமாக இருக்காது. கண்ணையும் நம்ப முடியாது. 3 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள். குறுக்குவெட்டியோடு ஒன்று 90°, மற்றது அதே பக்கத்தில் 89° என்று வையுங்கள். அவை சந்திக்க கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மீட்டர் போக வேண்டும். நோட்டில் பார்த்தால் இணைகோடுகள்தான்! ஆகவே முதல் வேலை, கேள்வியில் 'இணை' என்ற சொல்லோ கோடுகளின் மேல் அம்புக்குறியோ இருக்கிறதா என்று தேடுவது. இரண்டையும் விட்டுவிட்டு அச்சடிக்கும் கைடுகள் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. யாரும் கேட்பதில்லை.

அடுத்த பொறி இயற்கணிதம். இரு கோணங்கள் 3அ + 10, 2அ + 40. ஒன்றுவிட்ட உட்கோணங்கள் என்றால் இரண்டும் சமம்; அ = 30, கோணம் 100°. ஒரே பக்க உட்கோணங்கள் என்றால் கூட்டினால் 180°; அ = 26, கோணங்கள் 88°, 92°. இரண்டு வழியிலும் முழு எண்ணே வருவதால் தப்பு தப்பாகவே தெரியாது. குறுக்குவெட்டியின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, இரு கோணங்களும் அதன் ஒரே பக்கமா, எதிரெதிர்ப் பக்கமா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. குறுக்குவெட்டி செங்குத்தாக வெட்டினால் எட்டும் 90°. அப்போது ஒரே பக்க உட்கோணங்கள் கூட்டினாலும் 180°, தம்முள்ளும் சமம். இந்தப் படத்தையே முதல் எடுத்துக்காட்டாகப் போட்டால் 'ஒரே பக்க உட்கோணங்கள் சமம்' என்று பிள்ளை மனத்தில் பதிந்துவிடும்; பிறகு 70° வந்தாலும் பக்கத்தில் 70° என்றே எழுதும். வீட்டில் வரைந்து காட்டும்போது 90° வேண்டாம். 80°, 85°கூட வேண்டாம். 50° அல்லது 60° சாய்வில் வரையுங்கள், எது குறுகியது எது விரிந்தது என்று பார்த்ததுமே தெரியும்.