கேள்வி – பதில்: பட்டப்படிப்பின் நடுவே ஒரு வருட வேலை

என் மகள் இங்கிலாந்தில் புவியியல் படிக்கப் போகிறாள். படிப்பில் 'பிளேஸ்மென்ட் ஆண்டு' உண்டு என்கிறார்கள். வேலை உறுதி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. நம் கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் என்றால் படிப்பு முடிந்து கிடைக்கும் வேலை. அங்கே, இரண்டாம் ஆண்டு முடிந்ததும் 9 முதல் 12 மாதம் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, இறுதியாண்டுக்கு வகுப்புக்குத் திரும்புவது. இடம் தேடுவது மாணவியின் பாடு. பெரிய ஆலோசனை நிறுவனங்கள் பல, இரண்டாம் ஆண்டின் செப்டம்பர், அக்டோபரிலேயே விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிடும். கோடையில்தானே வேலை என்று பொங்கல் வரை காத்திருந்தால் அந்த வாசல்கள் சாத்தியிருக்கும்.

முதலிலேயே பிளேஸ்மென்ட் சேர்ந்த நான்கு வருடப் படிப்பில் சேருவது நல்லது. பிறகு மாற்றினால் கூடுதல் ஆண்டுக்கு விசாவை நீட்டிக்க வேண்டும்; அதற்கான கட்டணத்தோடு மருத்துவ மேல்வரியும் (மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு) கட்ட வேண்டிவரும்.

சம்பளம் உண்டா?

பெரும்பாலான நல்ல இடங்களில் உண்டு. ஆனால் படிப்பின் பகுதியாக ஓராண்டுக்கு மேற்படாமல் செய்யும் வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. எனவே ஒப்பந்தத்தில் தொகையைப் பார்த்த பிறகே கையெழுத்து. மாணவர் என்பதற்காக வருமான வரியில் விலக்கு இல்லை. ஆண்டு வருமானம் பொது வரம்பான 12,570 பவுண்டைத் தாண்டினால் பிடித்தம் உண்டு.

சுற்றுச்சூழல் அறிவியல், இரண்டாம் ஆண்டு. நேர்முகத்தில் ஜிஐஎஸ் (கணினியில் வரைபடங்களைக் கையாளும் மென்பொருள்) பயிற்சி ஒன்று தருவார்களாம். எதில் சறுக்குகிறார்கள்?

அழகான வரைபடம் போடத் தெரியாமல் அல்ல, ஆள்கூற்று முறையில்தான், அதாவது ஓர் இடத்தை எண்களால் குறிக்கும் முறையில். ஒரு எக்செல் கோப்பில் இருக்கும் மாதிரி எடுத்த இடங்களை வரைபடத்தில் ஏற்றச் சொல்வார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் புள்ளி ஒன்று: அட்சரேகை 51.5, தீர்க்கரேகை -0.1. இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால் லண்டன் சோமாலியாவுக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் போய் விழும். அதே எண்களை பிரிட்டிஷ் தேசியக் கட்டமாக (இடத்தை மீட்டரில் குறிக்கும் பிரிட்டன் வரைபட முறை; மென்பொருளில் அதன் குறியெண் இபிஎஸ்ஜி 27700) எடுத்துக்கொண்டால், மென்பொருள் அவற்றை மீட்டர் என்று நினைத்து, இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் உள்ள சில்லி (Scilly) தீவுகளுக்குத் தென்மேற்கே கடலில் எல்லாப் புள்ளிகளையும் குவித்துவிடும்.

இவை பரவாயில்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். மோசமானது, கண்ணுக்குச் சரியாகத் தோன்றிக்கொண்டே சுமார் 100 மீட்டர் தள்ளி நிற்கும் புள்ளி. ஜிபிஎஸ் பயன்படுத்தும் அடித்தளமும் (பூமியின் வடிவத்துக்கு எடுத்துக்கொள்ளும் மாதிரி, datum) பிரிட்டிஷ் கட்டத்தின் அடித்தளமும் வேறு. உருமாற்றத்தில் அதை விட்டுவிட்டால் வருவது இது. ஓடையில் எடுத்த மாதிரி பக்கத்து வயலில் நிற்கும்.

க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச ஜிஐஎஸ் மென்பொருளில் லேயரை வலது கிளிக் செய்து முறையை மாற்றினால் பெயர்ச்சீட்டுதான் மாறும், எண்கள் மாறா. முதலில் கோப்பை 4326 (ஜிபிஎஸ் தரும் அட்சரேகை, தீர்க்கரேகை முறையின் குறியெண்) என ஏற்றுங்கள். பிறகு 27700 தேர்ந்து புதிய கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். கடைசியில், தெரிந்த பாலமோ சாலைச் சந்திப்போ ஒன்றை வைத்துச் சரிபாருங்கள். இந்தக் கடைசி வேலையைச் செய்பவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன.

களப்பணிதான் வேண்டும். இந்திய ஓட்டுநர் உரிமம் போதுமா?

பிரிட்டனில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் அது செல்லும். களவேலை வருவதோ இரண்டு வருடம் கழித்து. அதனால் முதலாண்டிலேயே தற்காலிக உரிமம் எடுத்து, எழுத்துத் தேர்வை முடித்து, ஓட்டுத் தேர்வுக்குத் தேதி பிடித்துவிடுங்கள்; காத்திருப்பு மாதக்கணக்கில் போகும். பேருந்தே போகாத குளத்துக்கு விடியற்காலையில் போக வேண்டிய வேலை இது.

பருவத்தையும் கணக்கில் எடுங்கள். நீரிலும் நிலத்திலும் வாழும் வாலுள்ள உயிரினமான பெருங்கொண்டை நியூட்டுகளைக் குளங்களில் கணக்கெடுப்பது மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை. வௌவால்கள் கூட்டைவிட்டு வெளிவருவதைப் பார்ப்பது மே முதல் செப்டம்பர் வரை. ஜூலையில் சேர்ந்து ஏப்ரலில் முடியும் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் நியூட் பருவம் பாதியில் அறுந்துவிடும். பன்னிரண்டு மாதம் கேளுங்கள். ஜூனில் சூரியன் மறையவே இரவு ஒன்பதைத் தாண்டும் என்பதால், வௌவால் வேலை முடிய நள்ளிரவு நெருங்கும். மறுநாள் காலை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பதையும் நேர்முகத்திலேயே கேட்டுவிடுங்கள்.