வாரண்டி இருக்கிறது, எஞ்சினைப் பிரிக்கலாமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: சார், ஐந்து மாதம் முன்னால் ஈரோட்டில் பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் 2016 மாடல் டீசல் கார் வாங்கினேன். எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டுக்கும் ஒரு வருட வாரண்டி என்று சொல்லி வேறொரு கம்பெனியின் புத்தகம் கொடுத்தார்கள். போன வாரம் பெருந்துறை தாண்டியதும் டெம்பரேச்சர் முள் ஏறி, கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் சீல்) போயிருக்கும், கழற்றினால்தான் தெரியும், 60,000 ரூபாய் வரை ஆகும் என்கிறது ஒர்க்‌ஷாப். கன்சல்டிங்காரர் "எங்களுக்கும் வாரண்டிக்கும் சம்பந்தம் இல்லை" என்கிறார். வாரண்டி கம்பெனியோ "பிரித்துக் காட்டுங்கள், கிளெய்ம் நிற்காவிட்டால் பிரித்த கூலி உங்களுடையது" என்கிறது. பிரிக்கச் சொல்லட்டுமா?
(சென்னிமலை வாசகர்)

பதில்: பிரித்துத்தான் ஆக வேண்டும், ஆனால் இன்றைக்கு வேண்டாம். மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது, ஹெட்டைக் கழற்றிவிட்டால் அதில் பாதியைச் செய்யவே முடியாது.

முதலில் அந்தப் புத்தகத்தில் "எவையெல்லாம் சேராது" என்று பொடி எழுத்தில் இருக்கும் பக்கத்தைப் படியுங்கள். இந்த மாதிரி ஒப்பந்தங்களில் பெரும்பாலும் எஞ்சினுக்குள் ஆயிலில் ஓடும் பாகங்கள், அதாவது பிஸ்டன், கிராங்க், கேம்ஷாஃப்ட், ஆயில் பம்ப் போன்றவை சேரும். ஹோஸ், பெல்ட், ரேடியேட்டர் சேராது, பல ஒப்பந்தங்களில் வாட்டர் பம்பும் கேஸ்கட்டும்கூட சேராது. அதோடு "சேராத பாகத்தால் சேரும் பாகத்துக்கு வந்த சேதமும் சேராது" என்று ஒரு வரி இருக்கும், உங்கள் கிளெய்ம் மாட்டிக்கொள்ளப் போகிற இடம் அதுதான். ஒரு ஹோஸ் விரிசல் விட்டு கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஒழுகியிருந்தால், அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்து கேஸ்கட் எரிந்திருக்கும். அப்போது கம்பெனி ஹோஸைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கேஸ்கட்டே முதலில் போய், அதனால் கூலண்ட் குறைந்து சூடு ஏறியிருந்தால் கதை வேறு. இரண்டிலும் கடைசியில் கண்ணுக்குத் தெரிவது வளைந்த ஹெட்தான் என்பதால், எது முதலில் நடந்தது என்று ஒர்க்‌ஷாப் ஜாப் கார்டில், அதாவது வேலைச் சீட்டில், எழுதுகிற ஒரு வரிதான் உங்கள் பணத்தைத் தீர்மானிக்கும். மெக்கானிக் அவசரத்தில் "ஓவர்ஹீட், ஹெட் ஒர்க்" என்று மட்டும் கிறுக்கி வைக்க விடாதீர்கள்.

அந்த வரிக்கு ஆதாரம் வேண்டுமே, அதற்குத்தான் பிரிப்பதற்கு முன் சோதனை. ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் கைப் பம்ப் மாட்டி காற்றழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் இதைச் செய்யலாம். வெளியே எங்கேயும் சொட்டாமல் அழுத்தம் மட்டும் இறங்கினால் கூலண்ட் உள்ளே போகிறது என்று சந்தேகிக்க இடம் உண்டு. ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள், பால் கலந்த டீ மாதிரி இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, அதை ஃபோட்டோ எடுங்கள். பேட்டரி வயரைக் கழற்றுவதற்கு முன்பே, காரின் கம்ப்யூட்டரில் பதிவானதைப் படிக்கும் ஸ்கேனர் போட்டு, கோளாறு பதிவாகியிருந்தால் அதையும், அந்த நேரத்து வேகம், சூடு ஆகியவற்றையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள். முள் ஏறிய பிறகும் ஓட்டினீர்கள் என்று கம்பெனி கட்டாயம் சொல்லும். நீங்கள் உடனே நிறுத்தியிருந்தால் அந்தக் காகிதம் உங்களுக்காகப் பேசும், நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் உங்களுக்கு எதிராகவே பேசும். எதுவானாலும் கிளெய்ம் படிவத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், ஊகத்தை எழுத வேண்டாம். "ரொம்ப நாளாகவே கொஞ்சம் சூடாகும்" என்று போனில் சும்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டே கிளெய்மைத் தள்ளிவிடுவார்கள்.

இதெல்லாம் முடிந்ததும் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போன் பேச்சு எதற்கும் உதவாது. ஹெட்டைக் கழற்ற அனுமதி, பார்க்க வருகிறவர் வரும் தேதி, கிளெய்ம் நின்றால் பிரித்த கூலியும் அதில் சேருமா, ஒரு கிளெய்முக்கு உச்ச வரம்பு எவ்வளவு, ஆயில், கூலண்ட், கேஸ்கட் செட் யார் தலையில் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அனுமதி எழுத்தில் வராமல் ரிப்பேரை ஆரம்பித்தால், முன் அனுமதி இல்லை என்ற ஒரே காரணத்தில் முழுக் கிளெய்மும் போய்விடும். அவர்கள் ஆள் வந்து பார்க்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். ஹெட்டின் அடிப்பரப்பில் ஸ்கேல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்ப்பார்கள், பல எஞ்சின்களுக்கு வளைவின் எல்லை 0.05 மில்லிமீட்டர் அளவில்தான், அந்த அளவை ஜாப் கார்டில் எழுத வையுங்கள். எரிந்த கேஸ்கட்டும் கழற்றிய பாகங்களும் உங்களிடம் இருக்கட்டும், ஹெட்டின் பரப்பைச் சீவிச் சமன் செய்ய (ஃபேஸிங்) லேத்துக்கு அனுப்புவது அதற்கெல்லாம் அப்புறம்தான்.

கன்சல்டிங்காரரை நீங்கள் விட்டுவிடக் கூடாது, எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. வண்டிக்குப் பணம் வாங்கியவர் அவர், வாரண்டியைக் காட்டி விற்றவரும் அவர். பிரித்துப் பார்த்ததில் கூலண்ட் பாதையில் பழைய துரு, லீக் அடைக்கப் போட்ட பவுடர் மாதிரி ஏதாவது இருந்து, கம்பெனி "வாங்கும்போதே இருந்த கோளாறு" என்று எழுதிக் கொடுத்தால், அந்த மறுப்புக் கடிதத்தையே அவருக்கு எதிரான ஆதாரமாக வைக்கலாம். அதனால்தான் கம்பெனி மறுத்தாலும் காரணத்தோடு எழுத்தில் வாங்கச் சொல்கிறேன்.

இரண்டு பேரும் கைவிரித்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், சில நேரம் அதிலேயே வழிக்கு வருவார்கள். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, ஆனால் 2 வருடத்துக்குள் போக வேண்டும். புத்தகத்தில் "வழக்கு டெல்லியில் மட்டும்" என்று அச்சடித்திருந்தால் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். புகாரில் கன்சல்டிங், வாரண்டி கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் இன்னொருவரைக் கைகாட்டிவிட்டுப் போவார்.

கேள்வி: வாரண்டியில் கியர்பாக்ஸ் வேலைக்குக் கொடுத்தேன். மீட்டரில் 62,000 கி.மீ. காட்டுகிறது, ஆனால் கார் கம்பெனியின் சர்வீஸ் ரெக்கார்டில் மூன்று வருடம் முன்பே 91,000 என்று இருக்கிறதாம். கிளெய்ம் இல்லை என்கிறார்கள். நான் என்ன தப்பு செய்தேன்?
(திண்டுக்கல் வாசகர்)

பதில்: நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் வாரண்டி கம்பெனியோடு மல்லுக்கு நிற்பதில் பயன் குறைவு, மீட்டர் மாற்றிய வண்டி சேராது என்று ஒப்பந்தத்தில் தெளிவாகவே இருக்கும். சண்டை விற்றவரோடுதான். அந்த சர்வீஸ் ரெக்கார்டை சர்வீஸ் சென்டரின் முத்திரையோடு வாங்குங்கள். விற்றவர் கி.மீ. எழுதிக் கொடுத்த பில், இன்ஸ்பெக்‌ஷன் ஷீட், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப்பில் அனுப்பிய மீட்டர் ஃபோட்டோ என்று எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். பொய்யான கி.மீ. சொல்லி விற்றதற்காகக் கியர்பாக்ஸ் செலவை மட்டுமல்ல, விலை வித்தியாசத்தையும் கேட்கலாம். முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள்.

கேள்வி: பழைய கார் வாங்கப் போகிறேன். 12,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் வாரண்டி தருகிறார்களாம். எடுக்கலாமா?
(தாம்பரம் வாசகர்)

பதில்: என்ன கார் என்று நீங்கள் எழுதவில்லை. டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர், சர்வீஸ் ரெக்கார்டு முழுசாக இருக்கிறது என்றால் நான் எடுக்க மாட்டேன். அதில் 2,000 ரூபாயைக் கொடுத்து உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை வைத்து கம்ப்ரெஷன் டெஸ்ட்டும் (சிலிண்டர் அழுத்தச் சோதனை) ஸ்கேனும் பாருங்கள், மீதி ரிப்பேருக்கு இருக்கட்டும். டர்போ டீசல் அல்லது ஆட்டோமேட்டிக் என்றால் யோசிக்கலாம். ஆனால் பணம் கட்டும் முன்பே முழு ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். டெலிவரி அன்றுதான் தருவோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.