வக்கீல் ஆச்சி பதில்கள்: சனிக்கிழமை ராத்திரி கைது, திங்கட்கிழமை வரை காத்திருப்பதா?

கேள்வி: ஆச்சி, நான் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் கோயில் திருவிழாவில் அடிதடி. எதிராளிக்குத் தலையில் தையல். சனிக்கிழமை ராத்திரி என் தம்பியைப் பிடித்துப் போனார்கள். "நாளைக்கு லீவு, திங்கட்கிழமை வக்கீலோடு வாங்க" என்று ஸ்டேஷனில் சொன்னதைக் கேட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். ஞாயிறு மதியமே அவனை ரிமாண்ட் செய்து ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளியே எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் 15,000 ரூபாய் வாங்கிப் போனார், ஆளைக் காணோம். பிறகு ஜாமீன் கிடைத்தும், ஜாமீன்தாரர் காட்டிய வீட்டு வரி ரசீது செல்லாது என்று இழுத்தடித்தது. இப்போது தினமும் காலை ஸ்டேஷனில் கையெழுத்து. அவனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, அது போய்விடும் போல இருக்கிறது. நாங்கள் என்ன செய்திருக்க வேண்டும், இனி என்ன செய்வது? (எஃப்.ஐ.ஆர். நகல் இணைத்திருக்கிறேன்.)
– வாசகி, புதுவயல்

பதில்: தங்கச்சி, ஸ்டேஷனில் உங்களுக்குச் சொன்னது தப்பு. அதைச் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவு சொல்வது அது. சனி ராத்திரி பிடித்தால் ஞாயிறு ராத்திரிக்குள் அது நடந்தே தீரும். அதற்காகவே லீவு நாளிலும் ஒரு மாஜிஸ்திரேட் பொறுப்பில் இருப்பார். காரைக்குடிக்காரராக இல்லாமல் பக்கத்து ஊர்க்காரராகவும் இருக்கலாம், ஆஜர் செய்வது அவர் குடியிருப்பிலேயேகூட நடக்கலாம். ஆகவே அன்றைக்கு ராத்திரியே கேட்க வேண்டிய கேள்வி, "நாளைக்கு எந்த மாஜிஸ்திரேட்டிடம், எத்தனை மணிக்கு?" என்பதுதான். அந்த இடத்துக்கு ஒரு வக்கீலை அனுப்பியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வக்கீல் போய் என்ன செய்வார் என்று என்னிடம் கேட்காத குடும்பம் இல்லை. நிறையச் செய்யலாம். நீங்கள் அனுப்பிய எஃப்.ஐ.ஆரில் பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, இப்போதைய தண்டனைச் சட்டம்) 296(பி), 115(2), 118(1) பிரிவுகள் இருக்கின்றன. முதல் இரண்டும், அதாவது ஆபாசமாகத் திட்டியதும் சாதாரணக் காயம் செய்ததும், ஜாமீனில் விடக்கூடியவை. அவை மட்டும் இருந்திருந்தால் ஜாமீன் உங்கள் தம்பியின் உரிமை, ஸ்டேஷனிலேயே விட்டிருக்க வேண்டும். ஆயுதத்தால் காயம் என்கிற 118(1)தான் ஜாமீனில் விடமுடியாத பிரிவு. ஆனால் அதற்கும் அதிகபட்ச தண்டனை 3 ஆண்டுதான். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, கைது ஏன் தேவைப்பட்டது என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும், மாஜிஸ்திரேட் அதைப் படித்துப் பார்த்துத்தான் ரிமாண்ட் செய்ய வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை எடுத்துச் சொல்ல அங்கே ஒரு வாய் வேண்டும். வக்கீல் இல்லாத ரிமாண்ட் சில நிமிஷத்தில் முடிந்துபோகும்.

அங்கேயே வக்காலத்தில், அதாவது வக்கீல் தம்பிக்காக வாதாட அதிகாரம் தரும் காகிதத்தில், தம்பியிடம் கையெழுத்து வாங்கிவிடலாம். இது சின்னக் காரியமாகத் தெரியும். ஜெயிலுக்குப் போன பிறகு அதே கையெழுத்துக்கு ஜெயில் அதிகாரியின் சான்றோடு காகிதம் போய்த் திரும்ப வேண்டும், ஒரு நாள் அதிலேயே போய்விடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். ரிமாண்டுக்கு முன் அரசு டாக்டர் பரிசோதிப்பார். உடம்பில் அடி இருந்தால் அவரிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் தம்பி வாய் திறந்து சொல்ல வேண்டும். 2025 ஜூனில் நம் சிவகங்கை மாவட்டத்து மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் உயிர்விட்டதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். வீட்டு ஆள் ஒருவராவது அவனைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான்.

வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் உண்டு, வருமானம் கேட்க மாட்டார்கள். அந்த 15,000 ரூபாயைக் கொடுத்த விதம், தேதி, பேசிய போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதிப் புகார் கொடுங்கள். வக்காலத்தில் பெயர் இல்லாத எவரிடமும் ஜாமீனுக்காகப் பணம் தரக் கூடாது.

திங்கட்கிழமை மனுப் போட்டதும் அரசுத் தரப்பு முதலில் சொல்வது, "காயம்பட்டவர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்" என்பது. அவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா என்று உங்கள் வக்கீல் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதி வாதம் முடிந்தது. ஆனால் அதற்காக நீங்கள் யாரும் அவர் கட்டிலருகே போய் நிற்கக் கூடாது, சாட்சியை மிரட்டியதாகிவிடும். மாஜிஸ்திரேட் தள்ளுபடி செய்தால் சிவகங்கை செஷன்ஸ் கோர்ட், அதற்கு மேல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை.

ரசீது விஷயம் நம் பக்கத்துத் தீராத வியாதி. பங்காளிகளுக்குப் பொதுவான வீடு, வரி ரசீதோ எப்போதோ போய்ச் சேர்ந்த ஐயா பேரில். அதைக் கொண்டு ஜாமீன் நிற்க முடியாது. மனு நிலுவையில் இருக்கும்போதே, தன் பேரில் ரசீதோ பட்டாவோ உள்ள இரண்டு பேரை ஆதார், போட்டோவுடன் தயாராக வைக்க வேண்டும், ஒருவர் ரத்த உறவாக இருப்பது நல்லது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் என்றால் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டியதில்லை. அது எழுதிக்கொடுக்கும் பொறுப்பு, ஆள் வாய்தாவுக்கு வராமல் ஓடினால்தான் கேட்பார்கள்.

இனி கையெழுத்து. ஜாமீன் கொடுத்த அதே கோர்ட்டில் நிபந்தனைத் தளர்வு மனுப் போடுங்கள். இதுவரை ஒரு நாளும் தவறாமல் கையெழுத்துப் போட்டதைச் சொல்லி, கம்பெனியிடம் வேலைக்கான கடிதம் வாங்கி இணைத்து, நிபந்தனையை நீக்கவோ, வாரம் ஒரு நாளாகக் குறைக்கவோ, திருப்பூரில் அவன் தங்கும் இடத்து ஸ்டேஷனுக்கு மாற்றவோ கேளுங்கள். உத்தரவு கைக்கு வரும் வரை தம்பி ஊரை விட்டுப் போக வேண்டாம். ஒரு நாள் தவறினாலும் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனு வரலாம். முதலாளியிடம் நீங்களே போய்ப் பேசி, அந்தக் கடிதத்தை இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.