கேட்கிறவனுக்குக் கொடுங்கள், கையொப்பத்தை அல்ல

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். வயது 46. கப்பல் முகவர் கம்பனி ஒன்றில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 118,000 ரூபாய். கணவர் ஓட்டோ ஓடி 55,000 போலக் கொண்டுவருவார். இரண்டு பிள்ளைகள். புறக்கோட்டையில் தம்பி நடத்திய போன் உதிரிப்பாகக் கடை நொடித்துவிட்டது. அவனுடைய வான் லீசிங்குக்கு நான்தான் பிணை. ஐந்து மாதமாக அந்தத் தவணை 31,000ஐயும் நானே கட்டுகிறேன். அவனுக்காக என் நகை 4.5 இலட்சத்துக்கு அடகில் இருக்கிறது. கடன் அட்டையில் 2.6 இலட்சம் நிற்கிறது. அட்டை விஷயம் கணவருக்குத் தெரியாது. இப்போது தம்பி 12 இலட்சம் கடன் எடுக்க இன்னொரு கையொப்பம் கேட்கிறான். பாதியைக் கடன்காரருக்குக் கொடுத்து, மீதியை மாதம் 8 வீதம் தரும் 'டொலர் ட்ரேடிங்' ஒன்றில் போடுவானாம். 'உன்னிடத்தில் கேட்கிறவனுக்குக் கொடு' என்று வேதம் சொல்கிறது. மறுத்தால் அதை மீறினதாகுமா? சேமலாப நிதியில் 30 வீதம் எடுத்துக் கொடுக்கலாமா?

பதில்: சகோதரி, சேமலாப நிதியை முதலில் முடித்துவிடுவோம். வேலையில் இருக்கும்போது அந்த 30 வீதத்தை வீட்டுக்கோ வைத்தியத்துக்கோதான் எடுக்கலாம். தம்பியின் கடைக் கடன் இரண்டிலும் சேராது. பொய்க் காரணம் எழுதி எடுக்கும் ஆள் நீங்கள் இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

சிக்கனம், வரவு செலவுக் கணக்கு பற்றியெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சம்பளச் சிட்டையோடு வீட்டுச் செலவையும் வரி வரியாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். உங்களை அரிப்பது ஒரே பழக்கம்: தம்பி கேட்டதும் பேனையை எடுப்பது.

கணக்கைப் பாருங்கள். வருமானம் இரண்டும் சேர்த்து 173,000. வீட்டு வாடகையோடு செலவு 121,000. மிச்சம் 52,000. இதில் வான் தவணை 31,000, அட்டைக்குக் குறைந்தபட்சக் கொடுப்பனவு 11,000, அடகு வட்டி 7,000, ஆக 49,000 போகிறது. மிஞ்சுவது 3,000. சபைக்குத் தசமபாகம், அதாவது உங்கள் சம்பளத்தில் பத்தில் ஒன்று, 11,800 கொடுக்கிறீர்கள். குறையும் 9,000த்துக்கு மறுபடி அட்டையைத் தேய்க்கிறீர்கள். அதாவது அட்டைக்கு 11,000 கட்டி 9,000 திரும்ப எடுக்கிறீர்கள். வட்டி மட்டும் மாதம் 5,000ஐத் தாண்டும். கட்டக் கட்டக் கடன் ஏறுவதன் இரகசியம் இதுதான். இந்த நிலையில் 12 இலட்சத்துக்குப் பிணை நின்று, தம்பி கட்டாமல் போனால்? 18 வீதம், நான்கு வருடம் என்று வைத்தால் மாதம் 35,000 போல வரும். உங்களிடம் இல்லாத 35,000.

இனி வேதத்துக்கு வருவோம். நான் போதகர் இல்லை. ஆனால் கடனைப் பற்றிப் பைபிளில் இருப்பதை ஒரு கடன் ஆலோசகனாகப் படித்திருக்கிறேன். நீங்கள் காட்டியது மத்தேயு 5:42. அதே பைபிளில் நீதிமொழிகள் 22:26, 27 இருக்கிறது: கடனுக்குப் பிணைப்படாதே, செலுத்த வழியில்லாவிட்டால் கடன் கொடுத்தவன் உன் படுக்கையையும் எடுத்துக்கொண்டு போவான் என்கிறது. இரண்டும் மோதவில்லை. உங்கள் கையில் உள்ளதைக் கொடுப்பது ஒன்று. நாளைக்கு உங்கள் கணவரும் பிள்ளைகளும் கட்டப்போகும் காசை, அவர்களைக் கேட்காமலே இன்று கொடுப்பது வேறு. இயேசு சொன்னபடி ஏழெழுபது தரம் மன்னிப்பதையும் எழுதியிருந்தீர்கள். தாராளமாக மன்னியுங்கள். இதுவரை கட்டிய 155,000ஐத் தம்பியிடம் கேட்கவே வேண்டாம், அது போனதாகவே இருக்கட்டும். மன்னிப்பு பட்ட கடனுக்கு. இன்னும் படாத கடனுக்கு எதற்குக் கையொப்பம்?

வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்துப் பார்த்த நல்ல சமாரியன் கதையையும் ஒருதரம் வாசியுங்கள். செலவு கூடினால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று அவனும் வாக்குக் கொடுத்தான்தான். ஆனால் முதலில் சொந்த மடியிலிருந்து இரண்டு பணம் எடுத்து வைத்தான். அதையும் சத்திரக்காரன் கையில் கொடுத்தான். இந்த வழி உங்களுக்குப் பொருந்தும். தம்பி பிள்ளைகளின் டியூஷன் காசை ஆசிரியரிடமே கட்டுங்கள், அரிசி பருப்பை வாங்கி வீட்டில் இறக்குங்கள். மாதம் 5,000 என்று ஒரு எல்லை வையுங்கள். அதுவும் வான் தவணை நின்ற பிறகு.

அந்த வான் வாரத்தில் இரண்டு நாள்தான் ஹயர் போகிறது என்கிறீர்கள். பிறகு எதற்கு அது? லீசிங்கை முடிக்க 13 இலட்சம் வேண்டும், சந்தையில் 19 போகும் என்று தம்பியே சொல்லியிருக்கிறான். கம்பனியோடு கதைத்து, அவர்கள் சம்மதத்தோடு அவனே விற்கட்டும். தவணை தவறி அவர்கள் தூக்கினால் கிடைத்த விலைக்குத் தள்ளுவார்கள், குறைகிற தொகைக்குப் பிணையாளியையும் பிடிப்பார்கள். இறக்குமதி நின்றிருந்த காலத்து விலை இனியும் நிற்கும் என்று காத்திருக்க வேண்டாம். 2025இல் வாகன இறக்குமதி திறந்தாயிற்று. விற்று வரும் 6 இலட்சத்தில் முதலில் உங்கள் நகை மீள வேண்டும், மிச்ச 1.5 இலட்சம் அட்டைக்கு. பிறகு தவணையும் அடகு வட்டியுமாக மாதம் 38,000 விடுபடும். அட்டையில் நிற்கும் 1.1 இலட்சம் மூன்று நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும்.

டொலர் ட்ரேடிங் பற்றி அதிகம் எழுத எனக்குப் பொறுமையில்லை. மாதம் 8 வீதம் கூட்டு வட்டியில் ஓடினால் ஒரு இலட்சம் வருடத்தில் இரண்டரை இலட்சமாகும். அப்படித் தரும் நேர்மையான தொழிலை நான் கண்டதில்லை. ஆள் சேர்த்தால் கமிஷன் உண்டா என்று தம்பியிடம் கேளுங்கள். உண்டென்றால் அது பிரமிட் திட்டம். வங்கிச் சட்டமே அதைத் தடைசெய்கிறது.

கணவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். சண்டை வரும், வரட்டும். உள்ளதை உள்ளதென்று சொல்லச் சொன்ன அதே மலைப்பிரசங்கத்தில்தான் நீங்கள் எடுத்துக்காட்டிய வசனமும் வருகிறது. அட்டைக் கூற்று கடிதமாக வீட்டுக்கு வரும் என்றால் அவர் தானாகவே கண்டுபிடிக்கக் காத்திருக்காதீர்கள். கடன் தகவல் பணியகத்தில் உங்கள் அறிக்கையையும் எடுங்கள். பிணை நின்ற கடனும் அதில் உங்கள் பெயரில் தெரியும். வேறு எதிலாவது கையொப்பம் வைத்து மறந்திருந்தாலும் அங்கே அகப்படும்.

தசமபாகத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அட்டை தீரும்வரை குறைத்துக் கொடுக்கலாமா என்று உங்கள் போதகரிடம் இந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள். தம்பி வரும்போது கணவரையும் பக்கத்தில் இருத்தி, வானை விற்பதைப் பற்றி மட்டும் கதையுங்கள். 12 இலட்சப் படிவத்தை அவன் நீட்டினால் வாசிக்கவும் வேண்டாம்.