பச்சையெல்லாம் புல்வெளி அல்ல

மலைப்பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர்ப் பக்கம் புல்வெளி சுருங்கிப்போனதைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, செயற்கைக்கோள் படத்தைப் பற்றியே கேட்கின்றன. முப்பது வருடம் இந்த மலையில் புவியியல் நடத்தியவளுக்கு இதைவிட மகிழ்ச்சி வேறு என்ன? இந்த முறை முழுக்க வரைபடக் கேள்விகள்தான்.

*டீச்சர், போனில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தேன். எங்கள் ஊரைச் சுற்றி மலை பச்சைப்பசேல் என்றுதான் இருக்கிறது. நீங்கள் புல்வெளி போய்விட்டது என்கிறீர்கள். எதை நம்புவது?*
– கல்லூரி மாணவர், பூம்பாறை

தம்பி, இரண்டையும் நம்புங்கள். பச்சை இருக்கிறது, புல்தான் இல்லை.

நம் கண்ணுக்குப் பச்சை என்றால் ஒரே பச்சை. செயற்கைக்கோளில் இருக்கும் கருவி, நமக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அளக்கிறது. இலை தனக்கு உணவு தயாரிக்கச் சிவப்பு ஒளியை எடுத்துக்கொண்டு, அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடும். எதை எவ்வளவு எடுக்கிறது, எவ்வளவு அனுப்புகிறது என்பது புல்லுக்கு ஒரு மாதிரி, சோலை மரத்துக்கு ஒரு மாதிரி, கேரட் பாத்திக்கு இன்னொரு மாதிரி. மாதத்துக்கு மாதமும் மாறும். நம் மேல்மலையில் ஜனவரி உறைபனியில் புல் கருகி வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். பக்கத்திலேயே நிற்கும் வாட்டில் மரம் (ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, நீலகிரிக்காரர்கள் சீகை என்பார்கள்) அப்போதும் பச்சையாகவே இருக்கும். மழை முடிந்த கையோடு எடுத்த படத்தையும் பனிக்காலப் படத்தையும் அடுத்தடுத்து வைத்தால், எந்தப் பச்சை புல், எந்தப் பச்சை மரம் என்று பிரிந்துவிடும். நீங்கள் போனில் பார்த்தது எந்த மாதத்துப் படம் என்று தெரியுமா? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இப்படித்தான் நம் கொடைக்கானல் இருக்கும் பழனிமலைத் தொடர் முழுவதையும் ஆராய்ந்தார்கள். 1972இல் அமெரிக்கா அனுப்பிய முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளும், அதன் வரிசையில் பின்னால் போனவையும் எடுத்த படங்கள் எல்லாம் சேர்த்துவைக்கப்பட்டிருக்கின்றன. 2008இல் அவற்றை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். 1973ஆம் ஆண்டுப் படத்தில் தொடங்கி 2014 வரை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2018இல் வெளியான முடிவு: நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி காணோம். அந்த இடத்தில் பெரும்பாலும் வாட்டில், யூகலிப்டஸ், பைன் தோட்டங்கள். மீதி விவசாயம். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வரையாடு மேய்கிற இடம் அது, குறிஞ்சி பூக்கிற இடமும் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாட்டின் காட்டுப்பரப்பைக் கணக்கெடுக்கும்போது, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மரங்களின் கிளையும் இலையும் மூடியிருந்தால் அது காட்டுப்பரப்பு. எந்த மரம் என்ற கேள்வி அதில் இல்லை. அதாவது, புல்வெளியை வாட்டில் விழுங்கினால் கணக்கில் காடு கூடியதாகத்தான் வரும். இது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

சரி, இந்தப் படங்களைப் பார்த்து இது புல், இது மரம் என்று கணினி பிரித்துச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. செயற்கைக்கோள் படம் புள்ளி புள்ளியாக ஆனது. 1973ஆம் ஆண்டுப் படத்தில் ஒரு புள்ளி கிட்டத்தட்ட 80 மீட்டருக்கு 80 மீட்டர். நம் கணக்கில் ஒன்றரை ஏக்கருக்கும் மேல். பிற்பாடு வந்த லேண்ட்சாட்களில் 30 மீட்டர், அதாவது 22 சென்ட். 2015இல் ஐரோப்பியர் அனுப்பிய சென்டினல்-2இல் 10 மீட்டர், இரண்டரை சென்ட். 22 சென்டுக்குள் என்னென்ன இருந்தாலும் கணினிக்கு அது ஒரே நிறம்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரியில், ஆராய்ச்சி மாணவர்கள் இருவரோடு மன்னவனூருக்கு மேலே நடந்தேன். கணினி வரைந்த வரைபடத்தில் சீட்டுக் குலுக்கியது போல நாற்பது இடங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் போய் நின்று, வரைபடம் சொல்வது சரியா என்று பார்ப்பதுதான் வேலை. வசதியான இடமாகப் பார்த்துப் போகக் கூடாது. அட்டை இருந்தாலும் சேறு இருந்தாலும் அந்தப் புள்ளிக்கே போக வேண்டும். பதினோராவது இடம், வரைபடத்தில் 'புல்வெளி'. போய் நின்றோம். பனியில் கருகிய புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. குனிந்து விலக்கினால் உள்ளே புளியங்கன்று போலப் பொடி இலையோடு வாட்டில் கன்றுகள். நான் பத்தடி நடந்து எண்ணினேன், இருபத்து மூன்று. அதன் விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும், ஒரு தீ பட்டால் கும்பலாக முளைக்கும். விண்ணிலிருந்து பார்த்தால் அந்த 22 சென்ட் இன்னும் புல்வெளிதான். கூட வந்த மாணவி நோட்டில் 'புல்வெளி' என்று எழுதி, பக்கத்தில் கன்றுகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டாள்.

பத்தொன்பதாவது இடத்தில் வேறொரு தவறு. வரைபடம் 'சோலை' என்றது, அங்கே இருந்தது மொட்டைப் பாறை. லேண்ட்சாட் நம்மைக் கடப்பது காலை பத்து மணி வாக்கில். குளிர்காலத்தில் அப்போது வெயில் தென்கிழக்கிலிருந்து விழும், செங்குத்தான வடமேற்குச் சரிவெல்லாம் நிழலில் கிடக்கும். அந்த இருட்டைக் கணினி அடர்ந்த சோலை என்று எடுத்துக்கொண்டது. சமவெளியில் இந்தத் தொல்லை கிடையாது. மலையைப் படிக்க வருகிறவர்கள் சரிவையும் வெயிலையும் சேர்த்துக் கணக்குப்போட்டே ஆக வேண்டும்.

*ஜி.ஐ.எஸ். என்கிறார்களே, அது கூகுள் மேப்தானே?*
– வாசகி, வத்தலக்குண்டு

இல்லை அம்மா. கூகுள் மேப் வழி காட்டும். ஜி.ஐ.எஸ். என்பது புவியியல் தகவல் அமைப்பு, அதனிடம் கேள்வி கேட்கலாம். டிரேசிங் தாளில் ஆறுகளை மட்டும் வரைந்துகொள்ளுங்கள். இன்னொரு தாளில் சாலை, அடுத்ததில் மண் வகை, அதற்கடுத்ததில் மழையளவு. எல்லாவற்றையும் மூலை தப்பாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, 'சாலையிலிருந்து 100 மீட்டருக்குள், செங்குத்தான சரிவில், ஓடை குறுக்கிடும் இடம் எது?' என்று கேட்டால், கணினி அந்த இடங்களை மட்டும் எடுத்துக் காட்டும். 1960களில் கனடா தன் நிலவளத்தைக் கணக்கெடுக்க நினைத்தபோது, கையால் வரைந்து முடிகிற வேலையாக அது இல்லை. ரோஜர் டாம்லின்சன் என்ற புவியியலாளர் அதைக் கணினிக்குக் கொண்டுபோனார். நம் இஸ்ரோவின் புவன் என்ற இணைய வரைபடத் தளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். அடுக்கு அடுக்காகப் போட்டுப் பார்க்கலாம்.

*என் காபித் தோட்டத்து மூலையில் நின்று போனைப் பார்த்தால், நான் பக்கத்துத் தோட்டத்தில் நிற்பதாகக் காட்டுகிறது. உயரமும் பழைய வரைபடத்தில் உள்ளதைவிட 90 மீட்டர் குறைவு. போன் கோளாறா?*
– விவசாயி, தாண்டிக்குடி

கோளாறு இல்லை ஐயா. போனுக்குக் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வேண்டும். வெட்டவெளியிலேயே சில மீட்டர் முன்பின் காட்டும். உங்கள் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலும் பக்கத்தில் மலைச்சுவரும் இருக்கும்போது சமிக்ஞை மோதித் திரும்பி வரும், பிழை இன்னும் கூடும். தயவுசெய்து போனை வைத்துக்கொண்டு எல்லைக்கல்லைப் பற்றிப் பக்கத்துக்காரரோடு பேசப் போகாதீர்கள். அதற்குப் புலப்படமும் சர்வேயரும் இருக்கிறார்கள்.

உயர விஷயம் அருமையானது. ஜி.பி.எஸ். பூமியை ஒழுங்கான, சற்றுத் தட்டையான உருண்டையாக வைத்துக்கொண்டு அதிலிருந்து உயரத்தை அளக்கிறது. நாம் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறோம். கடல் மட்டமோ ஈர்ப்பு விசைக்குத் தக்கபடி மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகத்திலேயே பெரிய பள்ளம் நமக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். அங்கே கடல் மட்டம் அந்த உருண்டையைவிடச் சுமார் 106 மீட்டர் தாழ்வு. அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடே உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு அந்த 90 மீட்டர் குறைகிறது. சில செயலிகள் இதைத் திருத்திக் காட்டும், உங்களுடையது காட்டவில்லை. காபிச் செடி நடுவே நின்றபடி நீங்கள் பூமியின் ஈர்ப்பு விசையை அளந்திருக்கிறீர்கள்!

*மண்சரிவு அபாய வரைபடத்தில் எங்கள் வீடு 'மிதமான' நிறத்தில் இருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா?*
– வாசகர், பெருமாள்மலை

அந்த நிறத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தயாரித்திருப்பது 1:50,000 அளவு வரைபடம். அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். பத்து மீட்டர் அகல வீடு, பென்சில் கோட்டைவிட மெலிசு. எந்தப் பகுதி பலவீனம் என்று அது சொல்லும், உங்கள் வீட்டுக்குப் பின்னால் போன வருடம் யாரோ மண்ணை வெட்டியதை அது அறியாது. 2009 நவம்பரில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரே நாளில் கேத்தியில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அவ்வளவு தண்ணீர் இறங்கும்போது, வெட்டிய சரிவும் அடைத்த ஓடையும் முதலில் போகும். சுவருக்குப் பின்னால் புது விரிசல் இருக்கிறதா, நேராக நின்ற மரம் சாய்கிறதா, ஊற்று திடீரெனக் கலங்குகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் மழை நாளில் அங்கே தூங்க வேண்டாம்.

*எங்கள் பாட்டிக்கு 84 வயது. ஊருக்கு மேலே இருக்கிற மேட்டுக்கு ஒரு பெயர் சொல்வார். எந்த வரைபடத்திலும் அது இல்லை. அதெல்லாம் விஞ்ஞானிகளுக்குப் பயன்படுமா?*
– பள்ளி மாணவி, கவுஞ்சி

ரொம்பப் பயன்படும். கணக்குப் போட்டுப் பாரம்மா. முதல் லேண்ட்சாட் பறந்தபோது உன் பாட்டி முப்பதைத் தொட்டிருப்பார். அதற்கு முந்தைய மலை அந்தச் செயற்கைக்கோள் படங்களில் இல்லை, பாட்டியிடம் இருக்கிறது. ஒரு நோட்டு எடுத்துக்கொள். மேட்டின் பெயர், மாடு மேய்த்த இடம், வாட்டில் எந்த வருடம் வந்தது (வருடம் தெரியாவிட்டால், யார் கல்யாணத்துக்கு முன்னால் என்று கேள்), எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் இருந்தது, எல்லாவற்றையும் எழுது. அப்புறம், வெயில் நாளில் அண்ணனோ அப்பாவோ கூட வர, அந்த இடத்துக்கே போய் நில். போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்துக்கொண்டு, எந்தத் திசையைப் பார்த்துப் படம் எடுத்தாய் என்பதையும் தேதியையும் எழுதி எனக்கு அனுப்பு. பாட்டியால் நடக்க முடிந்தால் அவரையும் அழைத்துப் போ. நேரில் பார்த்தால் இன்னும் நாலு பெயர் ஞாபகம் வரும்.